எலி வளையானாலும் தனி வளை: டஞ்சனுக்குள்ளேயே குடியிருக்கும் கேம்களைத் தேடுவது எப்படி?

“டஞ்சனுக்குள்ளேயே வாழற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் டயாப்ளோ என்பார். இன்னொருவர் மைன்கிராஃப்ட் என்பார். மூன்றாமவர் டார்க்கஸ்ட் டஞ்சன் என்பார். பெயரிலேயே டஞ்சன் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர் கணக்கு. கேட்டவர் காசு கொடுத்து வாங்கி, அரை மணி நேரம் சண்டை போட்டு, ஊருக்குத் திரும்பிக் கொல்லன் கடையில் நிற்கும்போதுதான் தான் கேட்டது இதையல்ல என்று அவருக்கே புரியும்.

“டஞ்சன்” என்ற சொல்லை எல்லோரும் ஏறக்குறைய ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள். “வாழ்வது” என்பதில்தான் ஆளுக்கொரு பொருள். கடைப் பக்கங்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. ஆகவே முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம், பிறகு தேடுவோம்.

## தொழிலாளியும் எலியும்

பிரெஞ்சில் ‘டோன்ஜோன்’ என்றால் கோட்டை நடுவே நிற்கும் காவல் கோபுரம். ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல், காலப்போக்கில் கோட்டைக்கு அடியில் ஆளை அடைத்துவைக்கும் நிலவறையைக் குறிக்கத் தொடங்கியது. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு அதையே பொறிகளும் புதையலும் பூதங்களும் நிறைந்த இடமாக்கியது. வீடியோ கேம்களில் டஞ்சன் என்றால் இன்று இதுதான்: அறைகளும் நடைவழிகளும் கொண்ட, மூடிய, ஆபத்தான இடம். வானம் தெரியாது.

இப்போது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தொழிலாளி ஷிப்டுக்கு இறங்குகிறார், வெட்டுகிறார், மேலே வந்து குளித்துச் சாப்பிட்டு வீட்டில் தூங்குகிறார். அதே சுரங்கத்தில் ஓர் எலியும் இருக்கிறது. தீனி அங்கே, வளை அங்கே, குட்டி போடுவதும் அங்கே. சுரங்கத்தின் ஒவ்வொரு மூலையும் தொழிலாளிக்கு அத்துபடியாக இருக்கலாம். ஆனாலும் அங்கே குடியிருப்பது எலிதான்.

பெரும்பாலான டஞ்சன் கேம்களில் நீங்கள் தொழிலாளி. 1997 புத்தாண்டை ஒட்டி வெளிவந்த முதல் டயாப்ளோவை எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்கு அடியில் 16 தளங்கள். மேலே டிரிஸ்ட்ரம் என்ற ஊர். பை நிறைந்ததும் ஒரு சுருளை விரித்தால் ஊருக்கு வாசல் திறக்கும். விற்று, வாங்கி, காயம் ஆற்றி, மறுபடி இறங்கவேண்டும். கேம் வடிவமைப்பில் இதைச் சுழற்சி என்பார்கள். ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளின் வட்டம் என்று பொருள். டயாப்ளோவின் சுழற்சி டஞ்சனுக்கு வெளியேதான் மூடுகிறது.

2016இல் வந்த டார்க்கஸ்ட் டஞ்சன் கொஞ்சம் ஏமாற்றும். அதில் நடுத்தரப் பயணத்துக்கு ஒரு கட்டு விறகும், நீண்ட பயணத்துக்கு இரண்டு கட்டும் கொடுப்பார்கள். உள்ளேயே நெருப்பு மூட்டி இரவு தங்கலாம். ஆனால் அது லாட்ஜில் தங்குவது மாதிரி. விடிந்தால் அறையைக் காலி செய்யவேண்டியதுதான். மருத்துவமும் ஆயுதமும் மதுக்கடையும் இருப்பது மேலே உள்ள குக்கிராமத்தில்.

சுருக்கமாக: டஞ்சனில் எத்தனை மணி நேரம் கழிக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை. வேலை முடிந்து திரும்பும் இடம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்.

## வைத்தது வைத்த இடத்தில் இருக்கவேண்டும்

வீடு என்பதற்கு முதல் நிபந்தனை, பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் சாமான் அப்படியே இருக்கவேண்டும். கேம்களில் இதற்கு நிலைத்தன்மை என்று பெயர்: நீங்கள் செய்த மாற்றத்தை ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்வது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ‘உள்ளே வாழலாம்’ என்று நம்பி வாங்கப்படும் கேம்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

1980இல் வந்த ரோக் என்ற கேமிலிருந்து தொடங்கலாம். அதன் தளங்களைக் கணினியே ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி வரைகிறது. இந்த முறைக்குத் தற்செயல் உருவாக்கம் என்று பெயர். ஒரு தளத்தை விட்டு இறங்கினால் அது போனது போனதுதான். ஆட்டத்தின் கடைசியில் ஏறி வரும்போதும் புதுத் தளங்களே இருக்கும். அங்கே யாரும் குடியிருக்க முடியாது.

1987இன் நெட்ஹேக் அதே மரபில் பிறந்தது. ஆனால் அது ஒவ்வொரு தளத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு மாற்றம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிட்டது. விளையாடுபவர்கள் ஏதோ ஒரு தளத்தில் பெட்டி வைத்துப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். உள்ளேயே மைன்டவுன் என்ற ஊர் உண்டு. கோயிலும் கடைகளும் அங்கே இருக்கும். பெரும்பாலும் கொன்ற பூதத்தின் இறைச்சியைத் தின்றுதான் பசியாறவேண்டும், அதுவும் கெட்டுப்போவதற்கு முன். செத்து 30 திருப்பங்களுக்குள் தின்றால் கெட்டுப்போயிருக்குமோ என்ற கவலையில்லை. நாளான பிணத்தைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. (திருப்பம் என்றால் ஆட்டக்காரர் ஒரு செயல் செய்யும் அளவு நேரம்.) ஐஸ் பெட்டி கிடைத்தால் அதற்குள் வைத்த இறைச்சி கெடாது. லைக்கன் என்ற பூஞ்சைப் பூதத்தின் உடல் எங்கே வைத்தாலும் கெடுவதில்லை, அதனால் வழிச்சோறாக எடுத்துப்போவார்கள். முதல் தளத்தின் மேற்படியில் ஏறி வெளியே போனால்? ஆட்டமே முடிந்துவிடும். எழுத்துகளால் வரைந்த இந்தப் பழைய கேம் பல புதிய கேம்களைவிட நன்றாகக் குடித்தனம் நடத்த விடுகிறது.

அரைகுறை நிலைத்தன்மைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. 2011இன் ஸ்கைரிமில் ஆளில்லாத குகையைச் சுத்தம் செய்து, அங்குள்ள பீப்பாயில் பொருளைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த உலகக் கணக்கில் 10 நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் குகை பழைய நிலைக்குத் திரும்பும். முற்றாக முடித்த குகை என்றால் 30 நாள். பீப்பாயில் வைத்தது காணாமல் போயிருக்கும், கொன்ற கொள்ளையர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். பிழை ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவருக்குச் சண்டை வேண்டுமே என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

வால்ஹைம் என்ற கேம் வேறு வழியில் கதவை அடைக்கிறது. வெளியுலகில் ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் வீடு கட்டலாம், டஞ்சனுக்குள் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ‘பேஸ் கட்டலாம்’ (பேஸ் என்றால் தங்குமிடம்), ‘டஞ்சன் உண்டு’ என்ற இரண்டு வாசகமும் ஒரே கடைப் பக்கத்தில் இருந்தால், டஞ்சனில் பேஸ் கட்டலாம் என்று மனம் தானே கூட்டிக்கொள்கிறது. கூட்டாதீர்கள்.

சுருக்கமாக: தளம் அழிகிறதா, சில நாளில் பழையபடி ஆகிறதா, கட்டத் தடை இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் நீங்கள் அங்கே விருந்தாளிதான்.

## வெளிச்சமும் சோறும்

இரண்டாவது நிபந்தனை, உயிர் வாழத் தேவையானது உள்ளேயே கிடைக்கவேண்டும். இதை மைன்கிராஃப்டில் எண்களோடு பார்க்கலாம், ஏனென்றால் அதன் விதிகள் துல்லியமானவை. தரைக்கு வரவே மாட்டேன் என்று முடிவெடுத்து விளையாட அது இடம் கொடுக்கிறது.

அதில் வெளிச்சத்துக்கு 0 முதல் 15 வரை அளவு உண்டு. ஒரு பந்தம் தான் இருக்கும் கட்டத்தில் 14 தரும். ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போக ஒன்று குறையும். மூலைவிட்டமாகப் போனால் இரண்டு கட்டமாகக் கணக்கு. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, சாதாரணப் பகைப் பூதங்கள் வெளிச்சம் 0 ஆக உள்ள கட்டத்தில்தான் முளைக்கும். அதற்கு முன் 7 வரை முளைத்தன. ஆகவே பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நாலு அடிக்கு ஒரு பந்தம் நடவேண்டியதில்லை. அகலமான அறையில் நெடுக்கும் குறுக்கும் 12 கட்டத்துக்கு ஒன்று வைத்தால், நான்கு பந்தங்களுக்கு நட்டநடுவிலும் வெளிச்சம் 2 மிஞ்சும்.

ஆனால் பூதம் வராத வெளிச்சம் பயிருக்குப் போதாது. கோதுமை வளர 9 வேண்டும், அதாவது பந்தத்திலிருந்து 5 கட்டத்துக்குள் இருக்கவேண்டும். ஒரு கட்டம் நீர் நாலு பக்கமும் 4 கட்டம் வரை நிலத்தை ஈரமாக வைக்கும். அதனால் 9க்கு 9 பாத்தி, நடுவில் நீர் என்பது நிலத்தடி விவசாயத்தின் வாய்பாடு. தொடக்கக்காரர் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, நடுவில் மட்டும் ஒரு பந்தத்தை வைத்துவிட்டு மூலைப் பயிர் ஏன் வளரவில்லை என்று கேட்பது. மூலை 8 கட்டம் தள்ளி இருக்கிறது, வெளிச்சம் 6தான். இன்னொன்று, விதைத்துவிட்டு வெகுதூரம் போய் நாலு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பயிர் அப்படியே நிற்பது. உங்களைச் சுற்றியுள்ள பகுதியை மட்டுமே ஆட்டம் இயக்குகிறது. தூரத்தில் உள்ளது உறைந்து கிடக்கும். குடியிருப்பவர் வீட்டில் இருந்தால்தான் பயிர் வளரும் என்பது ஒரு வகையில் நியாயமும்கூட.

சின்னதொரு எச்சரிக்கை: மைன்கிராஃப்டில் ‘டஞ்சன்’ என்று அழைக்கப்படுவது பூதம் கக்கும் கூண்டு ஒன்று நடுவில் இருக்கும் சின்னக் கல் அறைதான். யாராவது “மைன்கிராஃப்ட் டஞ்சன்ல வீடு கட்டினேன்” என்றால் அந்த அறையையா, பொதுவாகக் குகையையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## யாராக வாழப் போகிறீர்கள்?

நிலைத்தன்மையும் வாழ்வாதாரமும் உள்ளே இருக்கும் கேம்களை எடுத்துக்கொண்டாலும், அவை ஒரே மாதிரி இருப்பதில்லை. நீங்கள் அங்கே யார் என்பதைப் பொறுத்து ஆட்டம் அடியோடு மாறும்.

குடியேறி. ஒற்றை ஆளாக, அல்லது நண்பர்களோடு, வெறுங்கையுடன் உள்ளே மாட்டி, இருப்பதைக் கொண்டு வீடு அமைப்பவர். இதற்கு இன்றைக்குக் கைகாட்டத் தக்கது கோர் கீப்பர். 2022 மார்ச்சில் முன்னோட்டமாக வந்து 2024 ஆகஸ்டில் முழுமை அடைந்தது. 8 பேர் வரை சேர்ந்து விளையாடலாம். வானமே இல்லாத கேம் இது. மண்ணைக் குடைந்தால் அறை, விதையை நட்டு நீர் ஊற்றினால் பயிர், சட்டியில் இரண்டு பொருளைச் சேர்த்தால் சமையல். தொடக்கக்காரருக்கு இதையே முதலில் சொல்வேன்.

அபயாடிக் ஃபேக்டர் அதன் முரட்டு ஒன்றுவிட்ட தம்பி. 2024 மேயில் முன்னோட்டம், 2025 ஜூலையில் முழு வெளியீடு, 6 பேர் வரை. டஞ்சன் இங்கே கற்கோட்டை அல்ல. பேரழிவு நேர்ந்த நிலத்தடி ஆராய்ச்சிக்கூடம். அலுவலக மேசையைப் பிய்த்துத் தடுப்புச் சுவர் செய்வீர்கள். பசி, தாகம், தூக்கம், கழிப்பறை எல்லாம் கணக்கில் உண்டு. இரவானால் கூடத்தின் பிளக் பாயிண்டுகளில் கரண்ட் போய்விடும். பகலில் பேட்டரியை ஏற்றி வைக்காதவருக்கு இரவில் அடுப்பும் இல்லை, காவல் கருவியும் இல்லை. 

முதலாளி. டஞ்சன் உங்களுடையது, வருகிறவன்தான் திருடன். 1997இல் வந்த, புல்ஃப்ராக் நிறுவனம் உருவாக்கிய டஞ்சன் கீப்பர் இந்த வகையின் பாட்டன். கையால் குட்டிச்சாத்தான்களை ஏவிச் சுவரை உடைத்து, படுக்கைக் கூடம், கோழிப்பண்ணை, பொக்கிஷ அறை என்று கட்டுவீர்கள். தானாக வந்து சேரும் பூதங்களுக்குத் தூங்க இடம், தின்னக் கோழி, சம்பள நாளில் தங்கம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோபித்துக்கொண்டு போய்விடும். ஈயும் சிலந்தியும் ஒன்றையொன்று வெறுப்பவை. பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் வீட்டுக்குள்ளேயே சண்டை. இன்றைய கணினியில் அதே சுவை வேண்டுமானால் 2015இன் வார் ஃபார் தி ஓவர்வேர்ல்ட். பழைய கேமின் அறிவிப்புக் குரலுக்குச் சொந்தக்காரரான ரிச்சர்ட் ரைடிங்ஸே இதிலும் பேசுகிறார்.

முதலாளி வகையிலேயே ஆழமானது ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் முதலில் வெளியிட்டு இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். எழுத்து வடிவப் பதிப்பு இலவசம். படங்களோடு கூடிய பதிப்பு 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கடைக்கு வந்தது. இது காலனி வகை, அதாவது ஓர் ஆளை நடத்தாமல் ஒரு கூட்டத்தின் அன்றாடத்தை நிர்வகிப்பது. ஏழு குள்ளர்களோடு மலையடிவாரத்தில் தொடங்குவீர்கள். நிலத்தடி வாழ்க்கை உடலையும் மனதையும் என்ன செய்யும் என்பதை இந்த அளவுக்கு யோசித்த கேம் வேறில்லை, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வேலை மண் அடுக்கில் குடைவது. மண்ணில் நேரடியாக நிலத்தடிப் பாத்தி போடலாம்; பாறைத் தரையில் போடவேண்டுமானால் முதலில் நீர் விட்டுச் சேறாக்கவேண்டும். பிளம்ப் ஹெல்மெட் என்ற காளான் வருடம் முழுக்க விளையும். அப்படியே தின்னலாம், வடித்தால் மதுவாகும். மது இல்லாத குள்ளர் வேலையில் மந்தமாவார். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல, ஆட்டத்தின் விதி. பிறகு கட்டில். தரையில் தூங்குகிறவர் மனம் கசந்து போவார், கசப்பு சேர்ந்தால் கைகலப்பு வரும்.

அப்புறம் நாற்றம். மூடிய இடத்தில் பிணமோ உணவோ அழுகினால் ஊதா நிறத்தில் ஒரு புகைமண்டலம் பரவி, அந்த வழி போகிற எல்லாரின் மனதையும் கெடுக்கும். திறந்த வெளியில் அழுகினால் அது கிளம்புவதில்லை. அதனால் குப்பை மேட்டை வெளியே வைப்பது வழக்கம். ஆனால் வெளியே அனுப்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெடுநாள் வெயில் படாமல் இருந்த குள்ளருக்கு உடல் இருட்டுக்குப் பழகிவிடும். திடீரென்று வெளியே போனால் தலைசுற்றி வாந்தி எடுப்பார். படை வந்து வாசலில் நிற்கும்போது உங்கள் வீரர்கள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். தீர்வு எளிது: சாப்பாட்டுக் கூடத்தின் கூரையை மேல்வரை திறந்து வெளிச்சம் விழச் செய்யுங்கள். தினமும் சாப்பிட வரும்போது வெயில் படும். முற்றம் வைத்த வீட்டின் தர்க்கம்தான்.

கோட்டை முதல் வருடத்திலேயே விழுவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. நீர் தாங்கிய மண் அடுக்கைத் தெரியாமல் வெட்டி வெள்ளம் புகுவது. காவலுக்கு ஆள் இல்லாமலேயே ஆழத்தில் உள்ள இயற்கைக் குகைகளை உடைத்துத் திறப்பது. இடம் தேர்வு செய்யும்போதே நீர் அடுக்கு இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டால் முதலாவதைத் தவிர்த்துவிடலாம்.

குடிமகன். ஏற்கெனவே ஆட்கள் வாழும் நிலத்தடி உலகில் நீங்களும் ஒருவர். 1992இன் அல்டிமா அண்டர்வேர்ல்ட் இதற்கு முன்னோடி. எட்டுத் தளங்கள் கொண்ட பெரும் பள்ளத்தில் உங்களைத் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே ஒரு காலத்தில் காபிரஸ் என்பவர் எல்லா இனமும் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பை உண்டாக்க முயன்றார். அவர் இறந்ததும் அது சிதறிப்போனது. பச்சைப் பூதகணமும் சாம்பல் பூதகணமும் இப்போது தனித்தனி முகாம். பல்லி மனிதரிடம் பேச அவர்கள் மொழியைக் கற்கவேண்டும். மீன் பிடிக்கலாம், பந்தம் எரிந்து தீரும், தூக்கம் வரும். ஒரு வெள்ளி விதை கிடைக்கும்; அதை எங்கே நடுகிறீர்களோ, செத்தால் அந்த மரத்தடியில் எழுவீர்கள். அந்த உலகத்தில் ‘என் இடம்’ என்று சொல்ல அந்த ஒரு மரம் போதும்.

அதன் வழிவந்தது 2002இன் ஆர்க்ஸ் ஃபடாலிஸ். சூரியன் அணைந்துபோய், மனிதர் முதல் எலிமனிதர் வரை அனைவரும் பூமிக்கடியில் குடியேறிய உலகம். மாவில் நீர் சேர்த்துப் பிசைந்து நெருப்பருகே வைத்தால் ரொட்டி. கேமைத் தயாரித்த ஆர்கேன் நிறுவனம் 2011இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதைக் கொண்டு ஆர்வலர்கள் செய்த ஆர்க்ஸ் லிபர்டாடிஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டினால் இன்றைய கணினியில் தொந்தரவு குறைவு. 2015இன் அண்டர்ரெயில், சுரங்க ரயில் நிலையங்களே நாடுகளாகிவிட்ட உலகம். தொடக்கத்திலேயே உங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கிவிடுவார்கள்.

மாட்டிக்கொண்டவர். 1987இன் டஞ்சன் மாஸ்டர் இந்த வகை. ஊரும் இல்லை, கடையும் இல்லை. ஊற்றில் தோல்பையை நிரப்பிக்கொள்வதும், கத்துகிற காளான் பூதத்தை வெட்டித் தின்பதும்தான் வாழ்க்கை. வீடு என்று ஒன்று அமையாது, ஆனால் வெளியே என்ற ஒன்றும் கிடையாது. நெட்ஹேக்கும் இந்த வாசலில் நிற்பதுதான், பெட்டி வைத்துக் குடித்தனம் நடத்தலாம் என்பது மட்டும் வேறு.

சுருக்கமாக: கையால் கட்ட ஆசை என்றால் குடியேறி, ஆளை ஏவ ஆசை என்றால் முதலாளி, மனிதரோடு பேசிப் பழக ஆசை என்றால் குடிமகன், பசியும் பயமும் போதும் என்றால் மாட்டிக்கொண்டவர். தேடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்.

## கடையில் தேடுவது

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் டேகுகள் உண்டு. வகையைச் சொல்லும் சிறு சீட்டுகள். அவற்றில் பெரும்பகுதி விளையாடுபவர்கள் ஒட்டுபவை என்பதை மறக்கக்கூடாது. ‘டஞ்சன் கிராலர்’ என்ற டேக் மட்டும் வைத்துத் தேடினால் வருவதில் பெரும்பாலானவை தொழிலாளி கேம்கள். அதைக் கைவிட்டு, ‘அண்டர்கிரவுண்ட்’ டேகை ஒரு பக்கம் வைத்து, இன்னொரு பக்கம் உங்கள் வகைக்கு ஏற்றதைச் சேருங்கள்: குடியேறிக்கு ‘பேஸ் பில்டிங்’, ‘சர்வைவல்’, முதலாளிக்கு ‘காலனி சிம்’, குடிமகனுக்கு ‘இம்மர்சிவ் சிம்’ அல்லது ‘ஆர்பிஜி’. ஆங்கில எழுத்தில்தான் இடவேண்டும். தேடல் பக்கத்தில் வேண்டாத டேகை விலக்கும் வசதியும் இருக்கிறது. ‘டெக் பில்டிங்’, ‘ஆக்ஷன் ரோக்லைக்’ இரண்டையும் விலக்கினால் பட்டியல் சுருங்கும். எதையாவது தவறவிடுவீர்கள்தான், ஆனால் பார்க்கத் தக்க நீளத்துக்கு வரும்.

பிறகு விளக்கத்தைப் படியுங்கள், சொற்களை மோப்பம் பிடித்தபடி. ‘ரன்’, ‘எக்ஸ்பெடிஷன்’, ‘எக்ஸ்ட்ராக்ஷன்’, ‘ரிட்டர்ன் டு டவுன்’ என்று வந்தால் நீங்கள் வெளியூர்க்காரர். ‘செட்டில்’, ‘ஸ்டாக்பைல்’, ‘காலனி’, ‘பெட்’ என்று வந்தால் நம்பிக்கை உண்டு. படங்களில் கட்டிலும் அடுப்பும் பெட்டியும் தெரிகின்றனவா, அவற்றுக்குப் பின்னால் பாறைச் சுவர் இருக்கிறதா, புல்வெளி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரக் காணொளியைவிட இது உண்மையைச் சொல்லும்.

மொபைலில் தேடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 2014இல் டஞ்சன் கீப்பர் பெயரிலேயே மொபைலுக்கு ஒன்று வந்தது. சில கட்டங்களைத் தோண்டவே மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது, காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கவேண்டியிருந்தது. அதை ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்தது தவறான வழிகாட்டல் என்று பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு அந்த வருடமே தீர்ப்பளித்தது. பெயர் பழையது, படம் அழகு என்பதால் வீடு கிடைத்துவிடாது.

## இரண்டு மணி நேரச் சோதனை

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும் என்பதால் மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். இந்த நேரத்தைக் கதை பார்த்துக் கழிக்காமல், வாடகை வீடு பார்க்கப் போனவர் குழாயைத் திறந்து பார்ப்பதுபோல் சோதியுங்கள்.

முதல் 40 நிமிடம் பயிற்சிப் பகுதியைக் கடந்துவிடுங்கள். அதற்குள் ஒரு பெட்டி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைக்க முடிந்தால் அதில் மலிவான பொருள் ஒன்றைப் போட்டு, பக்கத்துச் சுவரில் ஒரு கட்டத்தை உடைத்து அடையாளம் வையுங்கள். வெகுதூரம் போய், முடிந்தால் அடுத்த தளத்துக்கே இறங்கித் திரும்புங்கள். பொருளும் இருந்து ஓட்டையும் இருந்தால் முதல் தேர்வில் பாஸ். பிறகு சேவ் செய்து, கேமை முழுதாக மூடித் திறந்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது சாவு. வேண்டுமென்றே ஒருமுறை செத்துப் பாருங்கள். எங்கே எழுகிறீர்கள் என்பது, அந்த கேம் எதை உங்கள் வீடாக நினைக்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டிவிடும். டஞ்சனில் உள்ள உங்கள் கட்டிலில் எழுந்தால் நல்லது. ஊர் நடுவில் எழுந்தால் தொழிலாளி. புதிய ஆளாக, புதிய வரைபடத்தில் எழுந்தால் ரோக் வழி வந்தது. அது நல்ல கேமாகவே இருக்கலாம், நீங்கள் தேடியது இல்லை.

கடைசியாக, கையில் உள்ள விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். எதுவுமே நடக்காவிட்டால் அந்த இருட்டு வெறும் சாயம். பூதம் முளைத்தாலோ, பசி கூடினாலோ, ஆளின் மனம் கலங்கினாலோ அந்த இடத்துக்கு விதிகள் இருக்கின்றன. காலனி கேம்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் குப்பையை அள்ளாமல் விட்டுவிட்டு நாற்றம் வருகிறதா என்று பாருங்கள்.